டிரம்மிலிருந்து மோட்டாருக்கு

ஏப்ரல் 15 வந்துவிட்டால் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிப்போடப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைக்கு ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலில் மீன் பெருகும் அந்த இரண்டு மாதம்தான் வடசென்னை லேத் பட்டறைகளுக்கு சீசன். ராயபுரம், மூலக்கொத்தளம், பேசின் பிரிட்ஜ் என்று நீளும் தெருக்களில் மீன்பாடி வண்டிகள் வந்து நிற்கும். டிரால் விஞ்சின் டிரம், பல் கொக்கிபோல் வளைந்துவிட்ட ஸ்ப்ராக்கெட், உப்புத் தண்ணீரில் விறைத்துப்போய் மடங்க மறுக்கும் செயின் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கும்.

பழுதுபார்ப்பது ஒரு பக்கம். புதிதாக விஞ்ச் கட்டித்தரச் சொல்லி வருவோரும் உண்டு. படகைக் கரையேற்ற ஒருவருக்கு, வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில் தடி இழுக்க ஒருவருக்கு, கிடங்குக்குள் கனமான இயந்திரத்தை நகர்த்த ஒருவருக்கு. பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்.

“அண்ணே, அஞ்சு எச்பி மோட்டாரு ஒண்ணு கையில இருக்கு. ரீவைண்டிங் பண்ணி வச்சிருக்கேன். செயின் போட்டு ஒரு விஞ்ச் கட்டிக் குடுங்க.”

“எவ்வளவு வெயிட்டுப்பா இழுக்கணும்?”

“முப்பது டன்னு போட்டுண்ணே. அஞ்சு எச்பி இழுக்கும்ல?”

இழுக்கும் என்று சொன்னாலும் தவறு, இழுக்காது என்று சொன்னாலும் தவறு. என்ன வேகத்தில், எந்தச் சரிவில், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் எச்பிக்கு ஒரு பொருளும் கிடையாது. கையில் இருக்கும் மோட்டாரை வைத்துக்கொண்டு அதற்கேற்ற விஞ்சைத் தேடும் இந்த வழக்கம், கல்யாண மண்டபத்தைப் பிடித்துவிட்டு மாப்பிள்ளை தேடுவதைப் போன்றது. கணக்கு டிரம்மில் தொடங்கி மோட்டாரில் முடிய வேண்டும். நம் பட்டறைகளில் அது தலைகீழாக நடக்கிறது. அதில் முதலில் பலியாவது செயின். அடுத்தது, செயினுக்கு நேராக நின்றிருந்த ஆள்.

அந்த முப்பது டன் படகையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படகு 30 டன், அதைத் தாங்கும் டிராலி 5 டன், ஆக 35 டன். சாய்தளத்தின் சரிவு இருபதுக்கு ஒன்று என்றால், சரிவுக்காக மட்டும் 1.75 டன் இழுக்க வேண்டும். டிராலி சக்கரங்களின் உராய்வுக்கு எடையில் நூற்றுக்கு மூன்று வைத்தால் இன்னொரு டன்னுக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து 2.8 டன் வருகிறது. 3 டன் என்று வைத்துக்கொள்வோம். படகு அவசரமில்லாமல் ஏற வேண்டும், பக்கத்தில் ஆட்கள் முட்டுக்கட்டையோடு நடந்து வர வேண்டும். அதற்கு நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகம் போதும்.

பழைய மேஸ்திரிகள் விரல் நுனியில் வைத்திருந்த கணக்கு இது: இழுப்பு கிலோவில், வேகம் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று எடுத்து, இரண்டையும் பெருக்கி 4500 ஆல் வகுத்தால் எச்பி. 3000 பெருக்கல் 3, வகுத்தல் 4500 என்றால் 2 எச்பி. இது ரோப்பின் நுனியில் வேண்டியது. வார்ம் கியர் உள்ள கியர் பாக்ஸ், செயின், டிரம் பேரிங் எல்லாம் தத்தம் பங்கை விழுங்கிக்கொள்ளும். மொத்தத்தில் 55 சதவீதம் மிஞ்சினாலே நல்லது. ஆக மோட்டார் 3.6 எச்பியாவது தர வேண்டும். சந்தையில் கிடைக்கும் அடுத்த அளவு 5. அண்ணனைத் தேடி வந்தவரின் மோட்டார் போதும்தான். ஆனால் அவரே “கொஞ்சம் வேகமா இழுக்கட்டும்ணே, நிமிஷத்துக்கு முப்பது மீட்டர்” என்று கேட்டிருந்தால் அதே படகுக்கு 36 எச்பி தேவைப்பட்டிருக்கும். எடை மாறவில்லை, வேகம் மாறியது, மோட்டார் பத்து மடங்கானது.

மோட்டார் விஷயம் இவ்வளவு எளிதில் முடிந்துவிடுகிறது. செயினில்தான் தொல்லை.

3 டன் இழுப்புக்கு ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்தால் 18 மி.மீ. ஸ்டீல் ரோப் வேண்டும். அந்த ரோப் நெருக்கி மடங்காமல் சுற்ற 350 மி.மீ. டிரம் வேண்டும். ரோப் இரண்டாம் அடுக்கில் சுற்றும்போது அதன் மையம் டிரம்மின் நடுவிலிருந்து ஏறத்தாழ 200 மி.மீ. தள்ளி இருக்கும். டிரம் தண்டில் விழும் முறுக்கு 600 கிலோகிராம் மீட்டர்; டிரம் சுற்றுவதோ நிமிடத்துக்கு இரண்டரைச் சுற்றுக்கும் குறைவு. மோட்டாரின் 1440 சுற்றை அங்கே கொண்டுவர மொத்தம் அறுநூறு மடங்கு குறைக்க வேண்டும். கியர் பாக்ஸில் 200 மடங்கு, செயினில் 19 பல்லுக்கு 57 பல் என்று 3 மடங்கு எனப் பிரித்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரே 5 எச்பியை இரண்டு இடத்தில் நிறுத்திப் பாருங்கள். மோட்டார் தண்டிலேயே அரை இன்ச் பிட்ச் செயினும் 19 பல் ஸ்ப்ராக்கெட்டும் போட்டால், 1440 சுற்று வேகத்தில் முழு 5 எச்பிக்கும் செயினில் வரும் இழுப்பு ஏறக்குறைய 65 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதே 5 எச்பி கியர் பாக்ஸைத் தாண்டி டிரம்மை நெருங்கும்போது, ஒரு இன்ச் பிட்ச் செயினும் 57 பல் சக்கரமும் போட்டிருந்தால், செயினின் இழுப்பு 2600 கிலோ. நாற்பது மடங்கு. மோட்டார் ஒன்றுதான், வேகம் குறைந்ததால் விசை ஏறிவிட்டது. “அஞ்சு எச்பிக்கு என்ன செயின்?” என்று கடையில் போய்க் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில், அந்தச் செயின் எந்தத் தண்டில் ஓடப்போகிறது என்று கடைக்காரர் ஊகித்துக்கொண்ட பதில்.

ஒரு இன்ச் பிட்ச் சிம்ப்ளெக்ஸ் செயின், பட்டியலில் 16பி, புதியதாக இருக்கும்போது 6 டன்னில் அறும். 2.6 டன் இழுப்புக்கு 6 டன் செயின் என்றால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் பாதுகாப்பு இருப்பதாகத் தோன்றும். பார்வைக்கும் அது தடிமனான செயின். பட்டறையில் பலரும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

டிராலியின் ஒரு சக்கரம் தண்டவாள இணைப்பில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? படகு நின்றுவிடும், மோட்டார் நிற்காது. இண்டக்‌ஷன் மோட்டார் நின்றுபோவதற்கு முன் தன் முழுச்சுமை முறுக்கைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தந்துவிட்டுத்தான் நிற்கும். 3.6 எச்பி வேலைக்கு 5 எச்பி மோட்டார் வைத்திருப்பதையும் சேர்த்துப் பெருக்கினால், செயினில் வரும் இழுப்பு வழக்கத்தைவிட மூன்றரை மடங்கை நெருங்கும். 2.6 டன் ஏறத்தாழ ஒன்பது டன்னாகிறது. செயின் தாங்குவது 6.

“ஓவர்லோடு ரிலே போட்டிருக்கோமே” என்பார்கள். தெர்மல் ரிலே மின்னோட்டத்தில் சூடேறி, அதற்குரிய சில விநாடிகள் எடுத்துக்கொண்டு டிரிப் ஆகும். செயின் அறுவதற்கு அத்தனை நேரம் தேவையில்லை. ரிலே காப்பது மோட்டாரின் காயிலை. செயினைக் காக்கும் பொறுப்பை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

ஆகவே இந்த விஞ்சுக்குச் சரியான செயின் ஒன்றரை இன்ச் பிட்ச், 24பி. பிட்ச் பெரிதானால் அதே 57 பல் சக்கரத்தின் விட்டமும் பெரிதாகிறது, 690 மி.மீ. அளவுக்கு. நெம்புகோல் நீளமானதுபோல் செயினின் இழுப்பு 1.73 டன்னாக இறங்குகிறது. 24பி அறுவது 16 டன்னில். வழக்கமான ஓட்டத்தில் ஒன்பது மடங்கு பாதுகாப்பு. டிராலி மாட்டிக்கொண்டு மோட்டார் திணறும்போதும் இழுப்பு 6 டன்னைத் தாண்டாது. சக்கரம் பெரிது, விலை அதிகம், அதை மூடும் கார்டும் பெரிது. வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். அந்த இடத்தில் பட்டறைக்காரர் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதே இந்த இதழின் கருத்து.

கியர் பாக்ஸையும் மறந்துவிடக் கூடாது. 19 பல் ஸ்ப்ராக்கெட்டை மாட்டும் தண்டு, செயினின் 1.73 டன் இழுப்பைப் பக்கவாட்டில் தாங்க வேண்டும். முறுக்கைத் தாங்கும் கியர் பாக்ஸ் பக்க இழுப்பையும் தாங்கும் என்பதற்கு உறுதி இல்லை. கேட்லாகில் அதற்குத் தனி எண் இருக்கும். சந்தேகமிருந்தால் தண்டின் வெளி நுனிக்கு ஒரு பிளம்மர் பிளாக் போட்டுவிடுவது நல்லது. பல் குறைவான சின்ன ஸ்ப்ராக்கெட் வைத்தால் செயினில் இழுப்பு கூடும், ஓட்டமும் வெட்டி வெட்டி வரும். 11 பல் என்றால் ஒவ்வொரு பல்லுக்கும் செயினின் வேகம் நூற்றுக்கு நான்கு ஏறி இறங்கும். 19 பல் என்றால் ஒன்றரைகூட இல்லை. சுமை ஏறிய ரோப்பில் அந்த வெட்டல் காதுக்கே கேட்கும்.

இத்தனை கணக்குக்குப் பிறகும் செயின் ஒருநாள் அறும் என்று வைத்துக்கொண்டே விஞ்சைக் கட்ட வேண்டும். அறுந்தால் டிரம்மை யார் பிடிப்பார்?

இப்போது பரவலாகக் கிடைப்பது பிரேக் மோட்டார். கரண்ட் போனால் ஸ்பிரிங் அழுத்தி மோட்டார் தண்டைப் பிடித்துக்கொள்ளும் அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த பிரேக் மோட்டாரின் பின்புறத்தில் இருக்கிறது. பிரேக்குக்கும் சுமைக்கும் நடுவில் கப்ளிங், கியர் பாக்ஸ், செயின் மூன்றும் இருக்கின்றன. செயின் அறுந்துவிட்டால் பிரேக் மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்தபடி இருக்கும். 35 டன் சாய்தளத்தில் கீழே ஓடிக்கொண்டிருக்கும். “வார்ம் கியர் தானா பூட்டிக்கும்” என்ற நம்பிக்கையும் இந்த இடத்தில் உதவாது. அதிர்விலும் எண்ணெயிலும் அந்தப் பூட்டு நழுவும் என்பது ஒருபுறம். நழுவாவிட்டாலும் அது செயினுக்கு அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது?

இதற்கு விடை காசிமேட்டிலேயே இருக்கிறது. செயினில் ஓடும் டிரால் விஞ்சைப் பாருங்கள். படகு இன்ஜினிலிருந்து சக்தி தண்டு வழியாக வந்து, செயினேறி டிரம்முக்குப் போகிறது. மடி வலையைக் கடலில் விடும்போது கிளட்சைக் கழற்றி டிரம்மைச் சும்மா ஓடவிடுவார்கள். ரோப் சரசரவென்று ஓடும். தேவையான ஆழம் வந்ததும் டிரம்மின் விளிம்பில் சுற்றியிருக்கும் பேண்ட் பிரேக்கை இறுக்கி நிறுத்துவார்கள். வலை இழுபடும் நேரமெல்லாம் சுமை அந்த பிரேக்கில்தான் நிற்கிறது, செயினில் அல்ல. மீன்பிடிப்பின் தேவைக்காக அமைந்த ஏற்பாடுதான் அது. ஆனாலும் பிடிப்பவன் டிரம்மோடு இருக்க வேண்டும் என்ற விதியை அது அன்றாடம் காட்டிக்கொண்டிருக்கிறது. கடலில் ஓடும் விஞ்சில் இதை ஒழுங்காகச் செய்யும் அதே கைகள், கரையில் படகை ஏற்றும் விஞ்சில் ஏன் விட்டுவிடுகின்றன என்பது வியப்பாக இருக்கிறது.

கரை விஞ்சுக்கு டிரம் விளிம்பிலேயே ஒரு ராட்செட் வளையமும், தன் எடையால் அதன் பல்லில் விழும் ‘பால்’ என்ற பூட்டு நாக்கும் போதும். ஏற்றும்போது டக் டக் என்று ஒலித்துக்கொண்டே வரும். செயின் அறுந்தாலும் படகு ஒரு பல்லுக்குள் நின்றுவிடும். இறக்கும்போது பாலைத் தூக்க வேண்டியிருப்பதால் அதோடு பேண்ட் பிரேக்கும் வேண்டும். இரண்டும் பட்டறையிலேயே வெட்டிச் செய்யக்கூடியவை.

மோட்டாரின் ஸ்டார்ட்டரிலும் ஒரு பிழை வழக்கமாக நடக்கிறது. பம்ப்செட் பழக்கத்தில் ஸ்டார் டெல்டா போட்டுவிடுகிறார்கள். ஸ்டாரில் தொடக்க முறுக்கு மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். பம்ப் வெறும் தண்ணீரோடு தொடங்குவதால் அது பொருந்துகிறது; விஞ்ச் முழுச் சுமையோடு தொடங்க வேண்டும். ஸ்டாரில் மோட்டார் முனகிக்கொண்டே நிற்கும், டெல்டாவுக்கு மாறும் நொடியில் செயினில் ஒரு வெட்டு விழும். 5 எச்பிக்கு நேரடி ஸ்டார்ட்டரே போதும். பெரிய மோட்டாரென்றால் விஎஃப்டி போடலாம். மெதுவாகப் பிடித்து மெதுவாக விடும், இழுப்புக்கு ஒரு வரம்பும் வைத்துவிடலாம், செயினுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி காற்றுத் தராது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சாய்தளம் மீட்டர் பெட்டியிலிருந்து எட்டியிருக்கும். மெல்லிய கேபிளை நீளமாக இழுத்துக்கொண்டு போனால் 415 வோல்ட் அங்கே 350 ஆகியிருக்கலாம். மோட்டாரின் முறுக்கு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 350 வோல்ட்டில் பத்தில் ஏழு பங்குதான் மிஞ்சும். “மோட்டாரு வீக்கு” என்று சொல்லி ஏழரை எச்பிக்கு மாறுவதற்கு முன் கேபிளின் தடிமனைப் பார்த்துவிடுவது நல்லது. பெரிய மோட்டார் போட்டால், மாட்டிக்கொள்ளும்போது செயினை அறுக்கும் விசையும் அதே அளவு பெரிதாகிறது.

செயின் வாங்குவதற்கு நம் ஊரைவிட வசதியான இடம் குறைவு. அம்பத்தூரின் டைமண்டும் கோயம்புத்தூரின் ரோலானும் பாரிமுனைக் கடைகளில் எப்போதும் உண்டு. புஷ் ரோலர் செயினை மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு 1880இல் கண்டுபிடித்தார். 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் இன்ஜினிலிருந்து புரொப்பெல்லருக்குச் சக்தி கொண்டுபோனது அமெரிக்காவின் டைமண்ட் நிறுவனம் தந்த செயின். திருவொற்றியூரில் உருவான புல்லட்டுகளின் பின்சக்கரத்தை ஓட்டியதும் அதே வகைதான். நூற்றாண்டு கடந்தும் வடிவம் மாறாத பொருள். ஒவ்வொரு தகட்டிலும் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் அடித்திருக்கும். அது இல்லாத செயினை எடைக்கு வாங்கி விஞ்சில் போடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. விஞ்ச் இரண்டு பக்கமும் சுழலும். ஆகவே மோட்டார் சைக்கிளில் போடும் கிளிப் லிங்க் இங்கே ஆகாது. கிளிப்பின் மூடிய பக்கம் ஓட்டத் திசையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. இரண்டு திசையிலும் ஓடும் செயினில் அது எந்தத் திசையைப் பார்க்கும்? பின் அடித்து ரிவெட் செய்த லிங்க் போட வேண்டும், அல்லது காட்டர் பின் உள்ளது. நீளம் சரிவராமல் ஆஃப்செட் லிங்க் போட்டால் செயினின் வலு அந்த ஒரு லிங்க்கின் வலுவாகச் சுருங்கிவிடும். கியர் பாக்ஸின் அடித்தளத்தில் நகர்த்தும் துளை வைத்துவிட்டால் அந்த லிங்க்கே தேவைப்படாது.

எண்ணெய் விஷயத்தில் கடற்கரைப் பழக்கம் ஒன்றைத் திருத்த வேண்டும். தடிமனாக கிரீஸ் அப்பினால் செயின் பிழைக்கும் என்று நினைக்கிறார்கள். தேய்வது வெளியே இல்லை. பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில். கிரீஸ் அங்கே போவதில்லை. வெளியே நின்று மணலையும் உப்பையும் சேர்த்து வைக்கிறது. கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, சூடாக்கிய எண்ணெயில் முக்கி, வடிய விட்டு மாட்ட வேண்டும். அதற்குப் பிறகு ஓட்டத்துக்கு ஏற்ப எண்ணெய்ச் சொட்டு.

தேய்மானத்தைக் கண்ணால் சொல்ல முடியாது, ஸ்கேலால் சொல்லலாம். ஒன்றரை இன்ச் செயினில் இருபது பிட்ச்சை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிதில் 762 மி.மீ. இருக்கும். அது 785 ஆகிவிட்டால் நூற்றுக்கு மூன்று நீண்டுவிட்டது. செயினையும் ஸ்ப்ராக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் ஏறினால் சில வாரத்தில் அதுவும் பழசாகிவிடும்.

விஞ்ச் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவில் வருவது பழனிமலை. 1966 முதல் பக்தர்களை ஏற்றி இறக்கும் அந்த இழுவை ரயிலைப் பராமரிப்புக்காக நிறுத்தும்போது நாளிதழில் அறிவிப்பு வருகிறது, மக்கள் படியேறிப் போகிறார்கள், யாரும் குறை சொல்வதில்லை. தொழிற்சாலைகளில் தூக்கும் இயந்திரம், செயின், ரோப் எல்லாவற்றையும் தகுதி பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு வகுத்தது. நம் பட்டறையில் கட்டி, சாய்தளத்தில் ஊன்றி, மழையில் நனையும் விஞ்சுக்கு அப்படி ஒரு நாள் ஒதுக்குபவர் எத்தனை பேர்?

தடைக்காலம் அதற்காகவே அமைந்தது போன்ற 61 நாள். பட்டறைகள் ஒரு சின்னத் தகட்டில் நான்கு விவரங்களை அடித்து விஞ்சில் ரிவெட் செய்து அனுப்பலாம்: எத்தனையாவது அடுக்கில் எவ்வளவு இழுப்பு, ரோப்பின் அளவும் வேகமும், செயின் எண்ணும் பல் கணக்கும், கட்டிய மாதமும் வருடமும். பத்து வருடம் கழித்து அதைத் திறக்கும் மெக்கானிக் அந்தத் தகட்டைப் பார்த்துச் செயின் வாங்குவார். அறுந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைய மாட்டார்.

தகடு அடிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். ஜூன் 14க்குள் பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு விஞ்சிலும், செயினைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, டிரம்மைச் சுமையோடு நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். நிற்காத விஞ்சை ஒப்படைக்காதீர்கள்.